பிரியாணி சாப்பிட்ட டில்லிக்குத் தூக்கமே வராதா?

போன பொங்கல் லீவுக்கு அரியலூரில் அக்கா வீட்டில் இருந்தேன். மாட்டுப்பொங்கல் மதியம். கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு பக்கம் ஹாலில் சாய்ந்து கிடந்தோம். டி.வி-யில் ‘கைதி’. எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். லீவு நாளில் டி.வி-யில் வருகிற படத்தை யார் எண்ணிக்கொண்டு பார்க்கிறார்கள்?

அந்தக் காட்சி வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். பத்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்த டில்லி, பாத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிடுவார். பேச்சு கிடையாது. சுற்றி என்ன நடக்கிறது என்ற கவலை கிடையாது. வாய், கை, பிரியாணி. அவ்வளவுதான்.

பாய் போட்டுப் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்தார். அக்கா வீட்டுக்காரர், முப்பது வருஷ லாரி டிரைவர். முதலில் சென்னை லைன். இப்போது சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்.

“நல்லாத்தான் நடிச்சிருக்காப்ல. ஆனா இவ்வளவு சோத்தைத் தின்னுட்டு ராத்திரியில ஸ்டீயரிங்கைப் புடிச்சா, பாடாலூர் தாண்டறதுக்குள்ள கண்ணு சொருகிடும். அப்புறம் எங்க சண்டை போடுறது?”

எல்லோரும் சிரித்தோம். அக்கா மகன் மட்டும் சிரிக்கவில்லை. பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறான். ஒரு வருஷமாக ஜிம். அன்று எங்கள் இலையில் கறியும் வடையும் சர்க்கரைப் பொங்கலும் இருக்க, அவன் தட்டில் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் இருந்தது. மஞ்சள் கரு ஆறும் வாசலில் கட்டியிருக்கும் டைகருக்குப் போயிருந்தது.

“சாப்பாடு சும்மா சித்தி, அது சினிமா. ஆனா ஹீரோங்க பாடி ரியல்” என்றான்.

அப்போது அதை விட்டுவிட்டேன். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது மே மாதம்தான் தெரிந்தது. அதற்கு முன் நம் ஹீரோக்கள் திரையில் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

வீரன் என்றால் சாப்பிடுவான்

ஒரு காலத்தில் பலசாலி என்றாலே நன்றாகச் சாப்பிடுகிறவன் என்றுதான் அர்த்தம். 1957-ல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் கடோத்கஜனாக வந்த எஸ்.வி.ரங்காராவ், கல்யாண வீட்டு விருந்தை ஒற்றை ஆளாகக் காலி செய்வார். லட்டு தானாகப் பறந்து வந்து வாய்க்குள் விழும். பார்த்தவர்கள் யாரும் ‘இது நடக்குமா?’ என்று கேட்கவில்லை. அது மாயம், அவன் பீமன் மகன். இன்றைக்கும் அந்தக் காட்சியைப் போட்டால் வீட்டில் இருக்கும் குழந்தை சோறு வாங்கிக்கொள்ளும். நான் என் மகளுக்கு அப்படித்தான் ஊட்டினேன்.

1965-ல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். ராமு கோழை, இளங்கோ வீரன். இளங்கோ ஹோட்டலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார், பில் ராமுவின் தலையில் விழும். இருவரில் யார் வீரன் என்று சொல்ல சண்டைக் காட்சியே தேவையில்லை, சாப்பாடே சொல்லிவிடும். பயந்தவனுக்குத் தொண்டையில் இறங்காது, துணிந்தவனுக்கு இறங்கும். இது நம் வீடுகளில் பாட்டிமார்கள் சொல்வதுதானே?

அதற்குப் பிறகு வந்த ஹீரோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு டீ. அதுவும் பாதியில் கிளாஸைத் தூக்கி எறிந்துவிட்டு யாரையோ அடிக்கப் போய்விடுவார். மதியம் அம்மா இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றுவார். முதல் கவளம் வாய்க்குப் போகும்போது போன் அடிக்கும். இல்லையென்றால் தங்கச்சி அழுதுகொண்டு ஓடி வருவாள். அதுவும் இல்லையென்றால் வாசலில் நாலு சுமோ வந்து நிற்கும். ஹீரோ எழுந்து போவார். கைகூடக் கழுவ மாட்டார். அந்தக் குழம்புக் கையோடுதான் நாற்பது பேரை அடிப்பார். ராத்திரி மொட்டை மாடியில் நண்பர்களோடு பாட்டில், கொஞ்சம் சைடு டிஷ். மறுநாள் காலை மறுபடியும் டீ.

இந்தக் கணக்கில் மனுஷன் எத்தனை நாள் நடமாட முடியும்? ரேஷன் கடை க்யூவில்கூட நிற்க முடியாது.

சாப்பிடுகிற ஹீரோ வந்தாலும் விசித்திரமாகத்தான் வருவார். 2003-ல் ஹரி இயக்கிய ‘சாமி’யில் விக்ரம் இட்லியைப் பிய்த்துப் போட்டு அதன்மேல் பீரை ஊற்றிச் சாப்பிடுவார். தியேட்டரில் அப்படி ஒரு விசில். காலை டிபனுக்கே பீர் ஊற்றுகிற அதிகாரி எப்படி டியூட்டி பார்ப்பார் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை இருக்கும் சந்தேகம் வேறு. அவ்வளவு நல்ல இட்லிக்கு சாம்பார் இல்லையா அந்தத் திருநெல்வேலியில்? 2014-ல் ‘கத்தி’யில் விஜய் இட்லியை வைத்தே கம்யூனிசத்துக்கு விளக்கம் சொன்னார். பசி தீர்ந்த பிறகு நாம் எடுக்கும் அடுத்த இட்லி இன்னொருவருடையது என்று. நல்ல விளக்கம். ஆனால் ஹீரோ பசி தீரச் சாப்பிட்டதை நாம் எப்போது பார்த்தோம்?

டில்லியின் கணக்கு

அதனால்தான் ‘கைதி’ எனக்குப் பிடிக்கும். 2019 தீபாவளிக்கு வந்தது. லோகேஷ் கனகராஜ் படம். கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை, ஒரே ராத்திரியில் முடிகிற கதை. திருச்சியைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது, ஆக நம்ம பக்கத்துக் கதை. விருந்தில் கொடுத்த மதுவில் எதையோ கலந்துவிட, அதிகாரிகள் அத்தனை பேரும் மயங்கி விழுகிறார்கள். அவர்களை லாரியில் ஏற்றி 80 கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். திருச்சியில் கிளம்பினால் பெரம்பலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவு தொலைவு. வழியெல்லாம் அடிதடி. ஓட்டுகிறவர் பாத்திரம் நிறைய பிரியாணி சாப்பிட்டவர்.

அளவு நம்ப முடியாததா? இதில் நான் டில்லி கட்சி. ஒரு பிளேட் சிக்கன் பிரியாணி தோராயமாக 600 முதல் 800 கலோரி. நாலு பிளேட் என்றால் மூவாயிரத்தைத் தொடும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி தேவை. கடும் உடல் உழைப்பு செய்கிறவருக்கு 3,470. கல் குவாரியில் வேலை பார்ப்பவர், மூட்டை தூக்குபவர், கரும்பு வெட்டுபவர் எல்லாம் இந்த இரண்டாவது வரிசை. விடிய விடிய லாரி ஓட்டி, லாரியைத் துரத்துகிறவர்களோடு மல்லுக்கட்டுகிற டில்லியும் அந்த வரிசைதான். ஒரு நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டிருக்கிறார். பத்து வருஷம் ஜெயில் சாப்பாடு சாப்பிட்டவர் பிரியாணியைப் பார்த்தால் வேறு என்ன செய்வார்?

தவறு நேரத்தில்தான். வயிறு நிறையச் சாப்பிட்டதும் ரத்த ஓட்டத்தில் பெரும் பங்கு குடல் பக்கம் திரும்பும். நெய்யும் கறியும் சேர்ந்த சாப்பாடு வயிற்றைவிட்டு இறங்கச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் குதித்துச் சண்டை போட்டால் முதலில் விலா பிடிக்கும், அடுத்து வாந்தி வரும். இதோடு ராத்திரி இரண்டு மணிக்கு மேல் விடியும்வரை உடம்பு தானாகவே தூக்கத்தைக் கேட்கும் நேரம். மாமா சொன்ன பாடாலூர் கணக்கு சரிதான்.

“ராத்திரி வண்டின்னா ரெண்டு இட்லி, மிஞ்சிப்போனா மூணு” என்றார் மாமா. “சோறு, புரோட்டா ரெண்டும் கிட்டயே சேர்க்கக் கூடாது. நடுவுல டீ. வாயில ஒரு புளிப்பு மிட்டாய். தண்ணி கேன் பக்கத்துலயே இருக்கணும். வண்டியை இறக்கிட்டு வந்துதான் சாப்பாடு.”

ஆனாலும் ஒரு விஷயத்துக்காக அந்தக் காட்சியை மன்னித்துவிடலாம். ஒரு ஆக்‌ஷன் ஹீரோவுக்குப் பசிக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை. அந்த லாரியே விருந்துக்குச் சமைக்க வந்தவருடையது என்பது எழுதியவருடைய குசும்பா, தற்செயலா தெரியாது. கார்த்திக்கு இது ராசியும்கூட. 2013-லேயே அவர் நடித்து ‘பிரியாணி’ என்றே ஒரு படம் வந்தது. அதில் பிரியாணி தேடிப் போய்த்தான் வம்பில் மாட்டுவார்.

தட்டு ஒரு கதை, வயிறு ஒரு கதை

அக்கா மகன் சொன்னதற்கு வருகிறேன். ‘பாடி ரியல்.’

2007, 2008 வாக்கில்தான் ‘சிக்ஸ் பேக்’ என்ற சொல் நம் வீட்டு வாசலுக்கு வந்தது. ‘பொல்லாதவன்’ தனுஷ், ‘சத்யம்’ விஷால், ‘வாரணம் ஆயிரம்’ சூர்யா. அதற்கு முன்பும் உடம்பை வளர்த்தவர்கள் இருந்தார்கள். எம்.ஜி.ஆரை வைத்துப் படம் படமாக எடுத்த சின்னப்பா தேவருக்கு ‘சாண்டோ’ பட்டமே உடற்பயிற்சியால் வந்ததுதான். ஆனால் அந்தக் காலத்து பலசாலிக்கு வயிறு வயிறாகவே இருந்தது. சட்டையைக் கழற்றினால் ஆறு கட்டம் தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது படத்தில் ஹீரோ கிராமத்துப் பையன். அப்பத்தா கையால் ஆட்டுக்கறிக் குழம்பும் களியும் சாப்பிட்டு வளர்ந்தவன். அரை மணி நேரம் கழித்து கோயில் திருவிழாச் சண்டையில் சட்டை கிழிகிறது, உள்ளே ஆறு கட்டம். பார்க்கிற பையன் மனசில் என்ன பதியும்? களி தின்றால் இப்படி வரும் என்றா? இல்லை. அவன் புத்திசாலி. சாப்பாடு பொய் என்று அவனுக்குத் தெரியும். உடம்பாவது உண்மை என்று எடுத்துக்கொள்கிறான்.

அந்த உடம்பு எப்படி வருகிறது என்பதை ஹாலிவுட்காரர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ‘வுல்வரின்’ ஹியூ ஜாக்மேன், ‘லே மிஸராப்ள’ படத்தின் முதல் காட்சிக்காக 36 மணி நேரம் தண்ணீரே குடிக்கவில்லை என்று பேட்டி கொடுத்தார். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில், சட்டையில்லாத காட்சிக்கு முன் மூன்று நாள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசி நாள் அறவே நிறுத்தியதைச் சொல்லியிருக்கிறார். தோலுக்கு அடியில் இருக்கும் நீர் வற்றினால் தசை எடுப்பாகத் தெரியும். கேமரா ஓடும் அந்தச் சில மணி நேரத்துக்குத்தான் அது. ஷாட் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள். பக்கத்தில் பயிற்சியாளர், உணவு ஆலோசகர், பல மாத அட்டவணை எல்லாம் இருக்கும். அதற்கு மேல் லைட்டிங், எண்ணெய், கேமரா கோணம்.

அதாவது, திரையில் நாம் பார்க்கும் அசாத்திய பலசாலி, அந்த நிமிடத்தில் பசியிலும் தாகத்திலும் சோர்ந்து நிற்கிற ஓர் ஆள். நிஜமாகவே அப்போது நாலு பேர் வந்து அடித்தால் அவரால் திருப்பி அடிக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

மே மாதம் காலேஜில் ஒரு விழா. அதற்கு முன் நண்பர்களோடு போட்டோ எடுக்க வேண்டும், அதை இன்ஸ்டாவில் போட வேண்டும். அக்கா மகன் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்தான், மூன்றாம் நாள் நிறுத்தினான். சோறு, உப்பு கிடையாது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அரியலூர் மே வெயில் எப்படி என்று அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள். மொட்டை மாடியில் காலை பதினோரு மணிக்கு, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டான். தண்ணீர்த் தொட்டியின் மூலையில் தலை இடித்து மூன்று தையல்.

அக்கா எனக்குப் போன் செய்தபோது பேச்சே வரவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “பசங்க பரீட்சைக்குப் பயந்து சாப்பிடாம வருவாங்க. இப்போ போட்டோவுக்குச் சாப்பிடாம வர்றாங்க” என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கிட்னி பாதிக்கப்பட்டிருக்கும் என்றும் சொன்னார். மாமா ஒன்றும் பேசவில்லை. வாசலில் நின்று ஒரு டீயை வாங்கி, அதைக் குடிக்காமலேயே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

போட்டோவை நான் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஹீரோ மாதிரிதான் இருந்தான்.

அவன் அறையில் பெரிய பிளாஸ்டிக் டின் ஒன்று இருந்தது. புரோட்டீன் பவுடர். ஜிம்மில் யாரோ சொல்லி வாங்கியது. நாலாயிரத்துச் சொச்சம். பரீட்சை பீஸ் என்று அக்காவிடம் வாங்கிய பணம். 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடம்பை ஏற்ற புரோட்டீன் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. சேர்க்கப்பட்ட சர்க்கரை, செயற்கைச் சுவையூட்டிகள் எல்லாம் அவற்றில் இருக்கலாம் என்கிறது.

பெரம்பலூர்ச் சோளம், நாமக்கல் முட்டை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அறிவுரை சொன்னால் எழுந்து போய்விடுவான், கணக்கு என்றால் உட்காருவான். காமர்ஸ் படிக்கிறவன்.

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. அவன் 60 கிலோ. ஐம்பது கிராம் போதும். எடை தூக்குகிறவன் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு முட்டையில் 12. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 50 கிராம் என்றால் 12. சுண்டலுக்கு 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்தால் கிட்டத்தட்ட 10. ஒரு டம்ளர் பால் 6. சோறு, இட்லி, சாம்பார் பருப்பு ஆகியவற்றிலும் புரதம் இருக்கிறது என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. மூன்று வேளையும் எண்ணினால் அதுவே இருபது கிராமுக்கு மேல் வரும். கறி எடுக்காத நாளிலேயே ஐம்பதைத் தாண்டிவிட்டோம்.

“வெள்ளைக்கருவுலதானே சித்தி புரோட்டீன்?”

முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மஞ்சள் கருவில் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, பி12 எல்லாமும் அங்கேதான். அதைத்தான் டைகருக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பச்சை முட்டை குடிக்கிற பழக்கமும் இருந்தது. அது 1976-ல் ‘ராக்கி’ படத்தில் சில்வஸ்டர் ஸ்டாலோன் விடியற்காலையில் ஐந்து பச்சை முட்டையை உடைத்துக் குடித்த காட்சியிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. பாதி நூற்றாண்டாகப் பையன்கள் குடிக்கிறார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேரும், பச்சையாகக் குடித்தால் பாதிதான் சேரும். சால்மோனெல்லா கிருமி பயம் தனி. ராக்கி அதை அவித்துச் சாப்பிட்டிருந்தால் இன்னும் இரண்டு குத்து கூடுதலாக விட்டிருக்கலாம்.

முட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். நாமக்கல் என்றான். அந்தக் கோழி எதைத் தின்கிறது? மக்காச்சோளம். பெரம்பலூர் காலேஜ் பஸ்ஸில் தினமும் போகிறானே, ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாக நிற்கிறதே, அதுதான். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளைகிற மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று, அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. நம்ம ஊர்ச் சோளம் நாமக்கல் போய் முட்டையாகத் திரும்பி வருகிறது. டின்னில் இருக்கும் பவுடர் எங்கிருந்து வந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு கார்த்தியைப் பற்றியும் சொன்னேன். செல்வம் கார்த்தி, அரியலூர்க்காரர், இந்திய ஹாக்கி அணியின் முன்கள வீரர். 2023 ஆகஸ்ட்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவை 4–3 என்று ஜெயித்த அணியில் இருந்தவர். 1–3 என்று பின்தங்கியிருந்து எழுந்து வந்த மேட்ச் அது. ஹாக்கியில் 15 நிமிஷம் கொண்ட நாலு பகுதி. ஆகஸ்ட் மாதச் சென்னைப் புழுக்கத்தில் அப்படி ஓடுகிறவர்கள் இடைவேளை கிடைத்ததும் செய்கிற முதல் வேலை தண்ணீர் பாட்டிலைத் திறப்பது. தை, மாசியில் நம்ம பக்கம் ஜல்லிக்கட்டு நடக்குமே, காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குகிற பையன்களில் எத்தனை பேருக்கு ஆறு கட்டம் பார்த்திருக்கிறாய் என்று கேட்டேன். யோசித்தான். மெலிந்து, நரம்பு புடைத்து, சாதாரணமாக இருப்பார்கள். காளைக்கு லைட்டிங் தெரியாது.

சினிமாவும் கொஞ்சம் மாறித்தான் வருகிறது. ‘சார்பட்டா பரம்பரை’யில் ஆர்யா குடித்துக் குடித்துத் தொப்பை போட்டு நிற்பதைக் காட்டினார்கள். ஹீரோவின் வயிறு அவன் உள்ளே போட்டதைப் பொறுத்து மாறும் என்று ஒரு படம் ஒத்துக்கொண்டது. திரும்ப இளைப்பதுதான் சட்டென்று ஒரு பாட்டுக்குள் முடிந்துவிட்டது. சரி, அதுவாவது.

பாப்பாக்குறிச்சி

இந்தப் பக்கத்து ஆட்களிடம் ஹீரோ, சாப்பாடு என்று பேச்செடுத்தால் வயசானவர்கள் வேறு ஒரு கதைக்குப் போய்விடுவார்கள். மாமாவும் போனார். 1982 ஜூலை 1. திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 1995-ல்தான் பெரம்பலூர் பிரிந்தது, அரியலூர் நிலையாகத் தனி மாவட்டம் ஆனது 2007-ல். எம்.ஜி.ஆர். திரையில் குடிப்பதையும் புகைப்பதையும் பெரும்பாலும் தவிர்த்தவர். சின்ன வயதில் தானும் தன் அம்மாவும் பட்டினி கிடந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நூறு பேரை அடித்ததை மறந்துபோனவர்கள்கூட அந்தச் சோற்றை மறக்கவில்லை.

மாமா அப்போது நாலாம் வகுப்பு. “அலுமினியத் தட்டு. சூடா சோறும் பருப்பும் ஒண்ணா வெந்தது. வீட்டுல கம்பங்கூழும் சின்ன வெங்காயமும்தான். பள்ளிக்கூடத்துல அரிசிச் சோறுன்னு சொன்னதுக்கே நாங்க ஓடினோம். படிப்புக்கு யாரு ஓடினா?” என்று சிரித்தார்.

இப்போது அதே பள்ளிகளில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை போடுகிறார்கள். 2022-லிருந்து காலை உணவும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல். அக்கா மகனும் அந்தச் சத்துணவு முட்டையைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தான். முழு முட்டை. அங்கே யாரும் மஞ்சள் கருவைப் பிரித்து வைத்ததில்லை.

போன மாதம் மறுபடியும் அரியலூர் போயிருந்தேன். தையல் போட்ட இடத்தில் முடி வளர்ந்துவிட்டது. ஜிம்முக்கு இன்னும் போகிறான், போகட்டும். புரோட்டீன் டின் காலி. அக்கா அதைக் கழுவி அதில் உளுந்து போட்டு வைத்திருக்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை, கறிக்குழம்பு, அவித்த முட்டை. டி.வி-யில் ‘கைதி’ இல்லை, வேறு ஏதோ படம். ஹீரோ சோற்றில் கை வைத்ததும் போன் அடித்தது. “எந்திரிக்கப் போறான் பாரு” என்றார் மாமா. எழுந்தான். அக்கா மகன் தன் தட்டிலிருந்த முட்டையை இரண்டாகப் பிளந்து, குழம்பில் தோய்த்து, முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.

வாசற்படியில் காத்துக்கொண்டிருந்த டைகர் கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.